மலக்குழி மரணமும் பொறியாளரின் கோப்பும்

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளி பிணமாக மீட்கப்படும்போது முதலில் தேடப்படுபவர் ஒப்பந்ததாரர். அடுத்து அவருடைய மேற்பார்வையாளர். அந்தப் பணிக்கு மதிப்பீடு தயாரித்த, வேலையை அளந்து சான்றளித்த அலுவலகத்தைப் பற்றி நாம் அரிதாகவே கேட்கிறோம். அதுதான் மாநகராட்சியின் பொறியியல் பிரிவு.

மாநகரப் பொறியாளரின் தலைமையில் செயற்பொறியாளர், உதவிச் செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர் என இப்பிரிவு இயங்குகிறது. சென்னையில் கழிவுநீர்ப் பணி குடிநீர் வாரியப் பொறியாளர்களிடம் உள்ளது. அங்கும் கோப்பு நகரும் முறை ஏறக்குறைய இதுவே. முதலில் மதிப்பீடு எழுதப்படுகிறது. நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் கிடைத்தபின், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. வேலை நடந்தபின் பொறியாளர் அதை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிவு செய்கிறார். அந்தப் பதிவின் அடிப்படையிலேயே ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கப்படுகிறது.

இவற்றுள் நம் மக்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது மதிப்பீடு. அடைப்பு நீக்கும் இயந்திரத்திற்கும், நச்சுவாயுவைக் கண்டறியும் கருவிக்கும், பாதுகாப்புக் கவசத்திற்கும் அதில் தொகை ஒதுக்கப்படாவிட்டால், குறைந்த விலை கேட்டு வேலை எடுத்த ஒப்பந்ததாரர் மனித உடலையே கருவியாக்குகிறார். அது எந்தச் சாதியின் உடல் என்பதை நாம் அறிவோம். ஊர்த்தெருவுக்குப் போடப்படும் மழைநீர் வடிகால் சேரியின் எல்லையில் நின்றுபோவதும் இதே தாளில்தான் முடிவாகிறது. மதிப்பீட்டில் இல்லாத தெருவுக்கு எந்த ஒப்பந்ததாரரும் வேலை செய்வதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடைகளையும் மலத்தொட்டிகளையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய, உள்ளாட்சி அமைப்பு உட்பட எவரும் ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ பணியமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால், முதல் குற்றத்திற்கு 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உரிய இயந்திரங்களைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என 33ஆம் பிரிவு கூறுகிறது. 'மறைமுகமாக' என்ற சொல் இருக்கும்போது, 'அவர் ஒப்பந்ததாரரின் ஆள்' என்று சொல்லி அலுவலகம் எளிதில் தப்பிவிட முடியாது.

மலக்குழி மரணத்திற்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்தப் பணியில் மரணம் நேர்ந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்வதும் பணப்பொறுப்பு சுமத்துவதும் உள்ளிட்ட பொறுப்புக்கூறல் முறையை அரசு உருவாக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது.

ஆனால் தீர்ப்பு தானாகக் கோப்பைத் திறக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 2(ஜே) எனப்படும் வரையறைப் பிரிவு, ஆவணங்களின் நகலைப் பெறுவதோடு, நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும் கட்டுமானப் பொருளின் மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. நம் பகுதியில் நடக்கும் கழிவுநீர்ப் பணிக்கான மதிப்பீடு, ஒப்பந்த உடன்படிக்கை, அளவுப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றை இப்போதே கேட்டுப் பெறுவோம். இயந்திரத்திற்குத் தொகை ஒதுக்கப்பட்டிருந்தால், அந்த இயந்திரம் எங்கே என்று கேட்கலாம். ஒதுக்கப்படவில்லை என்றால், அந்த மதிப்பீட்டில் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்கலாம். இரண்டு கேள்விகளையும் மரணத்திற்கு முன்பே கேட்பதுதான் நம் வேலை.