ஆறு வயதில் ஆறாவது பல்

திருவனந்தபுரத்துக் கரமனையிலும் வலியசாலையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தை பள்ளியில் மலையாளத்தில் கற்பதைத் தாய் வீட்டில் தமிழில் விளக்க வேண்டியிருக்கிறது. பற்களைப் பற்றிய பாடம் அத்துணைக் கடினமன்று. பால்பல் இரு மொழிக்கும் பொது. உளிப்பல்லும் நமக்கு அந்நியமன்று. ஆனால் ‘சர்வணகம்’ என்பது நம் கடைவாய்ப்பல்லே என்று சொல்லித் தந்தாலன்றிக் குழந்தைக்கு விளங்காது. அந்தப் பல்லின் செய்தியிலேதான் பெற்றோரும் பெரிதும் ஏமாறுகின்றனர்.

பால்பற்கள் மொத்தம் 20. மேலும் கீழும், வலமும் இடமுமாகப் பக்கத்திற்கு ஐந்து. ஏறத்தாழ 6 வயதில் இவற்றின் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, பக்கத்திற்கொன்றாகப் புதிய பல் முளைக்கிறது. விழுந்து முளைக்காததால் இதனையும் பால்பல் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். சொத்தை கண்டாலும், ‘விழப்போகிற பல்தானே’ என்று வாளாவிருந்து விடுகின்றனர். உண்மையில் இது நிலைப்பல். இழந்தால் அவ்விடத்தில் வேறொன்று முளைப்பதில்லை.

பல்லின் மேலுறையாகிய எனாமலே நம் உடலில் மிகக் கடினமான பொருள். ஆயினும் அதில் உயிரணு இல்லை; முறிந்த எலும்பு கூடுவதுபோல் குழி விழுந்த எனாமல் கூடுவதில்லை. அதில் நரம்பும் இல்லை. ஆதலால், வாயில் தங்கிய இனிப்பைக் கொண்டு கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அதனை அரிக்கும்போது குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. அரிப்பு உள்ளேயுள்ள டென்டைனில் புகுந்து, நரம்பும் குருதிக்குழாயும் நிறைந்த பற்கூழை நெருங்கும்போதுதான் வலி எழுகிறது.

புதிய கடைவாய்ப்பல்லின் பள்ளங்கள் மிகக் குறுகியவை. தூரிகையின் மயிரும் அவற்றுள் நுழைவது அரிது. அப்பள்ளங்களைச் சொத்தை விழுமுன்பே பூசி அடைக்கும் முறை இன்று உண்டு. 1959-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளின் பற்களுக்கெனத் தனித்துறையே இருக்கிறது. கேரளத்தில் நெடுங்காலம் வழங்கிய உமிக்கரியைக் குழந்தைக்குத் தரலாமா என்பாருண்டு. பழமையை நாம் இகழவில்லை; எனினும் அதன் கரகரப்பு எனாமலைத் தேய்க்கும். ஃபுளோரைடு கலந்த பற்பசை பட்டாணியளவு போதும். இரவில் உறங்குமுன் துலக்குவதைத் தவறவிடலாகாது. ஏழெட்டு வயது வரை பெரியவர் கையும் உடனிருக்க வேண்டும்.

குழந்தையைக் கண்ணாடிமுன் நிறுத்தி, நடுப்பல்லிலிருந்து ஒரு பக்கமாக எண்ணச் சொல்லலாம். ஆறாவதாக நிற்பதே அந்தப் பல். மேலே இரண்டு, கீழே இரண்டு.