களஞ்சியத்தில் ஒரு பிள்ளைக்கு இடம்

மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910-ல் 'அபிதான சிந்தாமணி'யை வெளியிட்டது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற சென்னைத் தமிழாசிரியர் ஆண்டுக்கணக்கில் தனியாளாகச் சேர்த்த பொருள் தொகுப்பு அது. அச்சேற்ற வழியின்றி அலைந்தவருக்குக் கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். புராணப் பெயர்கள், அரசர்கள், புலவர்கள், சடங்குகள் எனப் பக்கம் பக்கமாகப் போகும் அந்த நூலில், கண்ணைப் பார்க்காத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பற்றித் தேட முடியாது. உலகில் எவருக்குமே அந்த நிலை பிடிபடாத காலம் அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளைக் கவனித்து, ஆட்டிசம் என்ற அந்த நிலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1943-ல்தான் வெளிவந்தது.

பிள்ளைகள் மட்டும் எப்போதும் இருந்தார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் மூன்று வயதாகியும் பேசாத பையனைப் பார்த்து, "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான்த்தா பேசும். இவுக அப்பனே அஞ்சு வயசுலதான் வாயத் தெறந்தான்" என்று ஆறுதல் சொல்ல ஒரு பாட்டி எந்த வீட்டிலும் உண்டு. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவார்கள். குலசாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிப் போய் மந்திரித்து வருவார்கள். இதையெல்லாம் குறையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. வேறு வழி சொல்ல ஆளில்லாத இடத்தில் பெற்றவள் என்னதான் செய்வாள்? பிள்ளை வளர வளர ஊர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து ஓரமாக உட்கார வைத்துவிடும். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் தமிழின் பெரிய கனவு கலைக்களஞ்சியம். தி. சு. அவினாசிலிங்கம் முன்னின்று, பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வந்தது. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் உழைத்த அந்தத் தொகுதிகளை இன்றும் நூலகத்தில் கையில் எடுத்தால் மரியாதை தானாக வருகிறது. ஆனால் அச்சுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, ஏறியதை உடனே திருத்த முடியாது. கடைசித் தொகுதி வந்த அந்த ஆண்டுகளில் மேலைநாட்டில் கோலோச்சிய கருத்து, தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்பது. புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-ல் அதை ஒரு நூலாகவே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லண்ட் 1964-லேயே அதை மறுத்து எழுதியும் பழி தீரப் பல காலமானது. அந்தப் பழி தமிழ் அச்சில் ஏறியிருந்தால், அடுத்த பதிப்பு வரும்வரை எத்தனை தாய்மார்கள் அதைச் சுமந்திருப்பார்கள்!

சட்டமும் தாமதமாகத்தான் விழித்தது. 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. சான்றிதழ் வாங்கப் போனால் மனவளர்ச்சி குன்றியவர் என்றே எழுதித் தந்த காலம் அதன் பிறகும் நீண்டது. ஆட்டிசத்தை அளக்க 40 கூறுகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோல் 2009-ல் உருவானது. 2016-ன் உரிமைகள் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றது.

இதற்கிடையே இணையக் களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே அதன் அடித்தளத்தை எழுப்பினார். புரவலர் வேண்டாம், அச்சகம் வேண்டாம், பதிப்பாசிரியரின் கையொப்பமும் வேண்டாம். 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. அதில் மதுரையின் பங்கும் உண்டு. இந்த ஊர்க்காரரான நீச்சல்காரன் எழுதிய நிரல், அறநிலையத் துறையின் தரவுகளைக் கொண்டு தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை உருவாக்கியது. ஊர், தெய்வம், வட்டம், திருவிழா என்று பட்டியல் இருந்தால் நிரல் கட்டுரையாக்கிவிடும்.

ஆட்டிசத்துக்கு அந்த வழி உதவாது. ஒரே மருத்துவரிடம் காட்டிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஓயாமல் பேசும், மற்றது ஒரு சொல்லும் பேசாது. காரணம் என்ன, என்ன பெயரால் அழைப்பது, இது நோயா வேறுபாடா என ஒவ்வொரு வரியிலும் வழக்கு இருக்கிறது. எண்களும் நிற்பதில்லை. உலகில் 100 குழந்தைகளில் ஒருவர் என்று சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம் இப்போது 2021-ம் ஆண்டுக்கு 127 பேரில் ஒருவர் என்கிறது. அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 36-க்கு ஒருவர் என்ற கணக்கு 2025-ல் 31-க்கு ஒருவர் ஆனது. எது எந்த நாட்டின் கணக்கு, எந்த வயதினரின் கணக்கு என்று பிரித்துச் சொல்லாவிட்டால் படிக்கிறவருக்குப் பயம்தான் மிஞ்சும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்று தன்னார்வலர்களின் தனித் திட்டமே நடக்கிறது. ஆட்டிசம் தொடர்பான கட்டுரைகளை ஒன்றுவிடாமல் திரட்டி, எது தேறியது, எது அரைகுறை என்று தரம் பிரித்து, வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மருத்துவச் செய்தி என்றால் ஒற்றை ஆய்வைக் காட்டி எழுதக் கூடாது. பல ஆய்வுகளை அலசிய மதிப்பாய்வையோ மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலையோ காட்ட வேண்டும். இந்த விதி ஏன் தேவை என்பதற்கு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு ஒருவரே போதும். வெறும் 12 குழந்தைகளை வைத்து 1998-ல் அவர் தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010-ல்தான் திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸப்பில் பறந்த வதந்திகளை நம் பள்ளி ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைக் காக்கும் வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். "குருத்தணு சிகிச்சையால் ஆட்டிசம் முற்றிலும் குணமாகும்" என்று யாரோ ஒரு வரி சேர்த்து, கீழே ஒரு மருத்துவமனையின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் அது தெரியும். கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவருக்கும் தெரியும். அவர் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பழைய வடிவத்துக்கு மீட்டுவிட்டு, உரையாடல் பக்கத்தில் காரணம் எழுதுகிறார்: ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம், நகையை அடகு வைத்துப் பிள்ளையோடு பேருந்து ஏற இருந்த ஒரு குடும்பத்தைத் தடுத்து நிறுத்தலாம்.

கவனிக்க ஆள் இருந்தால்தான் இதெல்லாம். தமிழில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் சொற்பம். அதே கைகள்தான் கோயிலையும் கிரிக்கெட்டையும் தேர்தலையும் பார்த்துக்கொள்கின்றன. மொழிபெயர்த்துத் தள்ளினால் போதும் என்ற எண்ணத்தின் கதி நமக்குத் தெரிந்ததே. 2009-10-ல் கூகுள் தன் மென்பொருளைக் கொண்டு கூலிக்கு ஆள்வைத்துத் தமிழில் இறக்கிய நீண்ட கட்டுரைகளைத் திருத்த முடியாமல் தமிழ்த் தன்னார்வலர்கள் திணறினார்கள். உசிலம்பட்டித் தாய் கைப்பேசியில் தேடும்போது, ஆங்கிலத்தின் நிழல் விழுந்த வாக்கியத்தைப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே மூடிவிடுவாள். அடுத்து அவள் திறப்பது யூடியூப். அங்கே குணப்படுத்தித் தருவதாகச் சொல்லக் கூட்டமே காத்திருக்கிறது.

நல்ல தமிழில் இதை எழுத முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' மருத்துவர் மொழியைத் தள்ளிவைத்துப் பெற்றோருக்குப் பேசிய நூல். லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' ஒரு தாயின் அனுபவத்திலிருந்து வந்தது. களஞ்சியத்தில் சொந்த அனுபவத்தை அப்படியே எழுத முடியாது, ஆதாரம் கேட்பார்கள். ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று சொல்ல அனுபவம் உள்ளவர்களால்தான் முடியும். சான்றிதழுக்கு எங்கே போவது, அரசு மருத்துவமனைகளின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் என்ன நடக்கும், பேச்சுப் பயிற்சி என்றால் என்ன, பேசாத பிள்ளைக்குப் படங்களைக் காட்டிப் பேசப் பழக்குவது எப்படி, 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலர் யார் என்பவை அந்தக் கேள்விகள்.

மதுரையில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், சிகிச்சை அறை வாசலில் பிள்ளை வெளியே வரும்வரை கைப்பேசியோடு காத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆட்டிசத்தோடு வளர்ந்து, தட்டச்சு செய்து தம் மனதைச் சொல்லக்கூடிய இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் முதல் குரல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் இப்படிப்பட்ட பேச்சைத் தொடங்க ஒரு பொது இடமும் இருக்கிறது, ஆலமரத்தடி என்று பெயர். ஒரு திட்டப் பக்கம், எழுத வேண்டிய தலைப்புகளின் பட்டியல், மாதம் ஒருமுறை கூடித் திருத்தப் பத்துப் பேர் என்று இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.