தொடர்கதைத் தமிழகம் – 9: கொள்ளைக்காரனை நேசித்த வாசகர்கள்

சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கதையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தகராறு தொடங்கிவிடும். காஞ்சனாதேவியா, மஞ்சளழகியா? முதல் பாகத்தில் கையில் வாளோடு அறிமுகமாகும் ஸ்ரீவிஜயத்து இளவரசிக்கு ஒரு கட்சி. இரண்டாம் பாகத்தில் அட்சயமுனையில் எதிர்ப்படும் மஞ்சளழகிக்கு இன்னொரு கட்சி. நான் கேட்டறிந்தவரை இரண்டாம் கட்சிதான் பெரியது. நானும் அந்தக் கட்சிதான், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். சோழ நாட்டை வீரராஜேந்திரன் ஆளும் காலம். இளைய பல்லவன் என்று கதை முழுக்க அழைக்கப்படும் கருணாகரன், சமாதானத் தூது சுமந்து கலிங்கத்தின் பாலூர்ப் பெருந்துறையில் இறங்குகிறான். ஸ்ரீவிஜயத்து அரச குடும்பத்தைச் சேர்ந்த குணவர்மனும் அவர் மகள் காஞ்சனாதேவியும் சோழர் உதவியை நாடி அங்கே வந்திருக்கிறார்கள். அநபாயச் சோழனும் அங்கே இருக்கிறான். எல்லோரும் கலிங்கத்தின் பிடியிலிருந்து தப்ப வேண்டும். தப்புகிற போராட்டத்தில் இளைய பல்லவன் மற்றவர்களிடமிருந்து பிரிந்து, அகூதா என்ற சீனக் கொள்ளைத் தலைவனிடம் போய்ச் சேர்கிறான். அவனிடம் கடற்போர் கற்று, சுமத்ராவின் அட்சயமுனைக்குப் போய், பலவர்மன் என்ற வஞ்சகத் தலைவனின் கோட்டையிலேயே தங்கித் தனக்கொரு கப்பலை உருவாக்குகிறான். அதுதான் கடல் புறா. அந்தக் கப்பலைக் கண்டால் கலிங்கத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் நடுக்கம். மூன்று தடித்த பாகங்கள்.

இந்த நாவலின் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு நீளம். ஒரு சிறு உரையாடல் ஓர் அத்தியாயத்தைத் தின்றுவிடுகிறது. ஒருவர் “என்ன?” என்பார், மற்றவர் மௌனம் சாதிப்பார், மௌனத்தின் பொருளை ஆசிரியர் இரண்டு பத்திகளில் விளக்குவார், அத்தியாயம் முடியும். போன அத்தியாயத்தில் நடந்தது அடுத்ததில் மறுபடி சொல்லப்படும். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிறவர்கள் இங்கேதான் களைத்துப்போகிறார்கள்.

ஆனால் இது எஸ்.ஏ.பி. ஆசிரியராக இருந்த குமுதத்தில் வாராவாரம் வந்த கதை. ஏழு நாள் இடைவெளியில், வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் கதையின் நூலை விட்டவர்களுக்கு அந்த நினைவூட்டல் தேவைப்பட்டது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திகைப்பில் முடிய வேண்டும் என்பதும் வார இதழின் கட்டளைதான். இதழைக் கிழித்து, அத்தியாயங்களைச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த பைண்டு தொகுப்புகளில் படித்தவர்கள் ஓவியர் லதாவின் படங்களோடு சேர்த்தே நாவலை நினைவு வைத்திருக்கிறார்கள். வாடகை நூலகத்தில் மூன்றாம் பாகம் கிடைத்து, இரண்டாம் பாகம் வேறு யாரிடமோ மாட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. இந்த வாசகர்களிடம் நீளத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாமே என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் முழுமனதாக நம்புகிறேன். ஒரு கதையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவருக்கு அது முடிவது இழப்புதான்.

இரண்டாம் குற்றச்சாட்டு வர்ணனை. இதை அவ்வளவு எளிதாக விட முடியாது. பெண்ணின் உடலைச் சாண்டில்யன் வர்ணிக்கும் பக்கங்களால்தான் பல வீடுகளில் இந்த நாவல் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது, அதனாலேயே ஒளித்துவைத்தும் படிக்கப்பட்டது. நான் பேசிய பெண் வாசகர்களில் பலர் அந்தப் பத்திகளைக் கண்ணாலேயே தாண்டிவிட்டு, அடுத்த போர்த்திட்டம் எங்கே தொடங்குகிறது என்று தேடிப்போனதாகச் சொன்னார்கள். அவர்களின் ஆதங்கம் ஆபாசத்தைப் பற்றியதல்ல. காஞ்சனாதேவி வாளெடுக்கத் தெரிந்தவள், அரசியல் புரிந்தவள். மஞ்சளழகி கோட்டைக்குள் யார் யாருக்குப் பகை என்று கணக்கிடத் தெரிந்தவள். இத்தனை அறிவைக் கொடுத்த ஆசிரியர், அவர்கள் பேச வாய் திறக்கும் முன்பே அவர்களின் இடையையும் நடையையும் அளந்துவிடுகிறார். அறிவுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை உடல் பிடித்துக்கொள்கிறது. இதைக் காலத்தின் வழக்கம் என்று சொல்லி மூடிவிடுவது அந்தப் பெண் வாசகர்களுக்கு நியாயம் செய்வதாகாது. அதே காலத்து வாசகர்கள்தான் அன்றைக்கும் முகம் சுளித்தார்கள்.

மஞ்சளழகியின் கட்சியில் நான் சேர்ந்த காரணமும் இங்கேதான் இருக்கிறது. காஞ்சனா தன் உரிமை என்ன என்பதில் ஐயமே இல்லாதவள். மஞ்சளழகிக்கு எதுவும் உறுதியில்லை. தன்னை வளர்த்தவன் வஞ்சகன், விரும்புகிறவன் கொள்ளைக்காரன், அவன் மனத்தில் ஏற்கெனவே இன்னொருத்தி இருக்கிறாள். இத்தனையும் தெரிந்தும் அவள் நிதானமாக முடிவெடுக்கிறாள். கதாநாயகனைவிட அவளுக்கே துணிவு அதிகம் தேவைப்படுகிறது. இரண்டு பெண்களையும் விரும்பும் இளைய பல்லவனை மன்னிக்காத வாசகர்கள்கூட மஞ்சளழகியிடம் கனிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாசகர்கள் ஒருமனதாகக் கொண்டாடுவது போர்த் தந்திரத்தை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னோடு ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. 1950 முதல் 1954 வரை வந்த அந்த நாவலில் வந்தியத்தேவன் மாட்டிக்கொள்கிறான், வாய்ச்சாலத்தால் தப்புகிறான், நாம் சிரிக்கிறோம். இளைய பல்லவன் மாட்டிக்கொள்வதாகத் தோன்றும், ஆனால் எல்லாம் அவன் திட்டமாகவே இருக்கும். புரியாத கட்டளைகளை இடுவான். அராபியப் பெருவுடலன் அமீரும் அனுபவசாலிக் கண்டியத்தேவனும் விழிப்பார்கள். காரணம் பல அத்தியாயங்களுக்குப் பிறகு விளங்கும். கதாநாயகனுக்குத் தோல்வியே வராதா என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, மூன்றாம் பாகத்தில் எனக்கும் அந்தச் சலிப்பு வந்தது. இரண்டாம் பாகத்தில் அது இல்லை. அட்சயமுனையில் அவன் எதிரியின் கூரைக்கடியில் தூங்குகிறான், சுற்றிலும் பூர்வகுடிகளின் பகை, பின்னால் மலை, முன்னால் கடல். அங்கே ஒவ்வொரு தந்திரத்துக்கும் உயிர்தான் விலை. மூன்று பாகங்களில் அதுதான் சிறந்தது என்பது என் தீர்ப்பு.

வரலாற்றை வைத்து வழக்காடும் வாசகர்களும் இருக்கிறார்கள். கருணாகரத் தொண்டைமான் உண்மையான மனிதர். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவராகக் கலிங்கத்தை வென்றவர், செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியால் நிலைத்தவர். ஆனால் அந்தப் போர் ஏறக்குறைய 1110-ஐ ஒட்டி நடந்தது. நாவலின் இளைஞன் 1070-க்கு முன்பே வாள் சுழற்றுகிறான். அப்படியானால் பரணியின் நாயகன் அறுபதைக் கடந்த கிழவரா? கணக்குப் போட்டுக் கேட்கும் வாசகரின் கேள்வி சரியானதே. அகூதா என்ற பெயரும் இப்படித்தான். சீன வரலாற்றில் அந்தப் பெயரோடு நிற்பவர் ஜின் வம்சத்தை 1115-இல் நிறுவிய ஜூர்ச்சென் தலைவர். அவர் பிறந்தது 1068, வாழ்ந்தது வடகிழக்கே, தென்கடலிலிருந்து வெகுதொலைவில். நாவல் நடக்கும் காலத்தில் அவர் தொட்டில் குழந்தை.

ஆனால் சாண்டில்யன் ஆதாரமே இல்லாத இடத்தில் கதை கட்டவில்லை. வீரராஜேந்திரனின் ஏழாம் ஆட்சியாண்டு மெய்க்கீர்த்தி, உதவி கேட்டு வந்த அரசனுக்காகக் கடாரத்தை (இன்றைய கெடா) வென்று அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. வந்த அரசன் யார், எப்படி வந்தான், யாரோடு திரும்பிப் போனான் என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த இடைவெளியில் மூன்று பாகங்களை நிரப்பியிருக்கிறார். 1025-இல் முதலாம் ராஜேந்திரனின் படை தாக்கிய இடங்களாக மெய்க்கீர்த்தியில் வரும் மலையூரும் மாநக்கவாரமும் பாடப்புத்தகத்தில் வெறும் பெயர்கள். சாண்டில்யனின் வாசகர்கள் உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு சுமத்ராவின் கரையோரம் விரலை ஓட்டியவர்கள். மாநக்கவாரம் நிக்கோபார் என்று தெரிந்துகொண்டதே இந்த நாவலால்தான் என்று சொல்பவர்கள் பலர். ஏழாம் நூற்றாண்டில் கெடாவிலிருந்து வடக்கே கிளம்பிய சீனத் துறவி இ-சிங், பத்து நாளுக்கு மேல் பயணம் செய்து அந்தத் தீவுகளை அடைந்ததாக எழுதியிருக்கிறார். தீவினர் தேங்காயைப் படகில் ஏற்றிவந்து இரும்புக்கு மாற்றிக்கொண்டார்களாம். நாவலைப் படித்தவருக்கு அந்தக் குறிப்பு கிடைத்தால் எவ்வளவு மகிழ்வார்!

இனி எனக்கு முக்கியமாகப் படும் வழக்கு. கதாநாயகன் கொள்ளைக்காரன். அதை எப்படி ஏற்றுக்கொண்டோம்?

ரஃபேல் சபாட்டினியின் ‘கேப்டன் பிளட்’ (1922) நாவலோடு ‘கடல் புறா’வை ஒப்பிடும் வாசகர்கள் உண்டு. அந்த நாவலில் அநியாயமாக அடிமையாக்கப்பட்ட மருத்துவன் கடற்கொள்ளைக்காரனாகிறான். எம்.ஜி.ஆர். நடித்து 1965-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவ’னிலும் அதே சாயல். நீதி மறுக்கப்பட்டவன் கொள்ளையடித்தால் அது கொள்ளையல்ல என்று தமிழ் ரசிகன் திரையிலும் கண்டு பழகியிருந்தான். இளைய பல்லவன் அந்த வரிசையில் எளிதாகப் பொருந்துகிறான். தவிர, அவன் சோழ அரசுக்காகக் கொள்ளையடிக்கிறான் என்ற சமாதானமும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கடலின் உண்மையான வழக்கம் இதைவிடச் சிக்கலானது. சுவான்ஜோ துறைமுகப் பகுதியில் கடல் வாணிப அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவா 1225-இல் எழுதிய நூலில் ஸ்ரீவிஜயத்தைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. அதன் துறைமுகத்துக்குள் வராமல் ஒரு வணிகக் கப்பல் கடந்துபோனால் ஸ்ரீவிஜயத்துப் படகுகள் திரண்டு போய்த் தாக்கும். கப்பல்கள் துறைக்கு வந்தே தீர வேண்டும் என்பதற்காக அரசே நடத்திய தாக்குதல் அது. வரி என்று ஒருவர் சொல்வதை மற்றவர் கொள்ளை என்பார். மலாக்கா நீரிணை போன்ற ஒடுங்கிய வழியில் கப்பல்கள் போயாக வேண்டும், அந்த வழியைப் பிடித்தவன் செல்வந்தன். இளைய பல்லவன் செய்ததும் அதுவே. நாவல் இதைத் துணிந்து பேசியிருந்தால் இன்னும் பெரிய நாவலாகியிருக்கும். தாக்கப்பட்ட கப்பல்களில் சரக்கு யாருடையது, துடுப்புப் போட்டவர்கள் எந்த ஊர் என்ற கேள்விகளை அது கேட்பதில்லை.

அந்தச் சரக்கில் தமிழ் வணிகரின் பங்கும் இருந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே கூடி, கப்பலில் வருகிறவர்கள் செலுத்த வேண்டிய கட்டணத்தை முடிவுசெய்ததை அது பதிவுசெய்கிறது. கதை முடிந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலம், அதே சுமத்ரா. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்தின் நிலங்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிச்சலுகை தருகிறான். சண்டையை விடத் தூதும் கட்டணமும் கோயிலும்தான் அந்தக் கடலைக் கட்டி ஆண்டன. ‘கடல் புறா’வில் வணிகர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். எனக்கு இந்த நாவலில் இருக்கும் பெரிய குறை இதுதான், வர்ணனையைவிடப் பெரிய குறை.

இந்தக் குறையைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாத ஒரு வாசகர் கூட்டம் உண்டு. மலேசியத் தமிழர்கள். சுங்கைப் பட்டாணியில் இருப்பவருக்குக் கடாரம் கதையில் வரும் தூரதேசமல்ல, அவர் வேலைக்குப் போகும் மாநிலம். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களும், கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டிய ஜெராய் மலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களின் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கி ரப்பர் தோட்டங்களுக்கு நடந்தவர்கள். 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே அதே கடலைக் கடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலியாகக் கடந்த கடலைத் தமிழன் ஒருவன் தன் சொந்தக் கப்பலில், யாருக்கும் பணியாமல் கடக்கிறான் என்று படிக்கும்போது அவர்களுக்குள் என்ன நிகழ்ந்திருக்கும்? வணிகர் எங்கே, துடுப்புக்காரர் எங்கே என்று நான் கேட்பதை அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கப்பல் அட்சயமுனையை விட்டுக் கிளம்பும் அத்தியாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அவர்களோடு இந்த வழக்கில் வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. இந்த நாவலுக்கு நல்ல வரைபடமும், எது கல்வெட்டு எது கற்பனை என்று பிரித்துச் சொல்லும் குறிப்புகளும் சேர்த்து ஒரு பதிப்பு வர வேண்டும். பாருஸ் கல்வெட்டும் ஜாவ் ருகுவாவின் குறிப்பும் அதில் இடம்பெற வேண்டும். உலகப்படத்தில் விரல் ஓட்டிய வாசகருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

அடுத்த இதழில்: கனோஜி ஆங்கரேயின் கொங்கணக் கடலும் ‘ஜலதீப’மும்.