குரல் ஓர் அமானிதம்: தொண்டைக் கரகரப்பை அலட்சியம் செய்யலாமா?

அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியிருக்கும் அருட்கொடைகளில் பேசும் ஆற்றல் தனிச்சிறப்பு உடையது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில், மனிதனைப் படைத்ததைக் குறிப்பிட்ட உடனேயே அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததையும் இறைவன் நினைவூட்டுகிறான். பாங்கு, கிராஅத், ஜுமுஆ பயான், மக்தப் பாடம், வீட்டில் பிள்ளைகளை அழைப்பது என நமது நாள் முழுவதும் குரலைக் கொண்டே நடக்கிறது. ஆனால் கண்ணில் தூசி விழுந்தால் மருத்துவரிடம் ஓடும் நாம், மாதக்கணக்கில் தொண்டை கட்டியிருந்தாலும் "சளிதான், சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறோம். குரல் எப்படி உருவாகிறது, எந்தக் கரகரப்பு தானாகச் சரியாகும், எதற்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

குரல் உருவாகும் விதம்

குரலுக்கு மூன்று பகுதிகள் தேவை. முதலாவது, காற்றைத் தரும் நுரையீரல். இரண்டாவது, அந்தக் காற்றை ஒலியாக்கும் குரல்வளை. மூன்றாவது, அந்த ஒலிக்கு உருவம் கொடுக்கும் தொண்டை, வாய், நாக்கு, உதடு, மூக்கு ஆகியவை.

மூச்சுக்குழாயின் மேல்முனையில் குரல்வளை இருக்கிறது. அதனுள் இரு பக்கமும் மென்மையான இரண்டு மடிப்புகள் உள்ளன. இவற்றையே குரல் நாண்கள் என்கிறோம். மூச்சு விடும்போது இவை விலகி நிற்கும். பேசும்போது நெருங்கி வரும். கீழிருந்து வரும் காற்று இவற்றைத் தள்ளித் திறக்க, அவை உடனே மூடிக்கொள்ள, இந்த அதிர்வே ஒலியாகிறது. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் இவை அதிர்கின்றன. சிறு குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம்.

தராவீஹில் ஒரு ஹாஃபிழ் மொத்தம் அரை மணி நேரம் குரல் கொடுத்து ஓதினால், அவருடைய குரல் நாண்கள் இரண்டு இலட்சம் முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதியிருக்கும். இவ்வளவு உழைக்கும் உறுப்பு ஒன்றரை, இரண்டு செண்டிமீட்டர் நீளம்தான் என்பதை எண்ணினால் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியாது!

குரல் நாண்களில் எழுவது வெறும் ஒலி மட்டுமே. அதை எழுத்தாக மாற்றுவது அதற்கு மேலே உள்ள உறுப்புகள். தஜ்வீத் பாடத்தில் மக்ரஜ் என்று நம் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். இப்னு சீனா (980–1037) அரபு எழுத்தொலிகள் பிறக்கும் விதம் பற்றித் தனி நூலே எழுதி, அதில் குரல்வளை, நாக்கு ஆகியவற்றின் அமைப்பையும் விவரித்தார். உயிருள்ள மனிதரின் குரல் நாண்கள் இயங்குவதைக் கண்ணாடி கொண்டு தெளிவாகப் பார்த்தது வெகு காலத்துக்குப் பின், 1854-இல்தான். மனுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர் தம் தொண்டையையே அவ்வாறு பார்த்தார். இன்று மெல்லிய எண்டோஸ்கோப் மூலம் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

குரல் ஏன் கெடுகிறது?

மிகச் சாதாரணமான காரணம் சளி, காய்ச்சலோடு வரும் குரல்வளை அழற்சி. பெரும்பாலும் வைரஸால் வரும் இது, ஓய்வெடுத்தால் ஓரிரு வாரங்களில் குணமாகிவிடும். அந்த நாட்களில் வற்புறுத்திப் பேசுவதுதான் தொல்லையை நீட்டிக்கும்.

அடுத்தது, அளவுக்கு மீறிய பயன்பாடு. தொடர்ந்து உரக்கப் பேசுவோருக்கு நாண்கள் மோதும் இடத்தில் கையில் காய்ப்பு வருவதுபோலச் சிறு தடிப்புகள் வரும். ஆசிரியர்கள், பேச்சாளர்கள், கத்தி விளையாடும் சிறுவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். இத்தடிப்புகளுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் சரியாகக் குரல் கொடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டாலே குறைந்துவிடும். ஒரு பக்கத்தில் நீர்க்கட்டி அல்லது பாலிப் எனும் சதை வளர்ச்சி இருந்தால் சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மூன்றாவது, வயிற்று அமிலம் மேலேறி வருவது. நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது குரல்வளையைப் புண்படுத்தலாம். காலையில் கரகரப்பு, அடிக்கடி தொண்டையைச் செருமத் தோன்றுவது ஆகியவை இதன் அடையாளமாக இருக்கலாம். இஃப்தாரில் எண்ணெய்ப் பலகாரங்களை அள்ளிப் போட்டுக்கொள்வதும், ஸஹர் உண்டவுடன் படுத்துவிடுவதும் இத்தொல்லையைக் கூட்டும்.

நான்காவது, நரம்புப் பாதிப்பு. இடது குரல் நாணை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றி மீண்டும் மேலே வருகிறது. எனவே நுரையீரலிலோ தைராய்டிலோ உள்ள நோய் முதலில் குரல் மாற்றமாகவே வெளிப்படலாம். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இப்படி ஏற்படுவதுண்டு.

ஐந்தாவது, நாம் பேசவே தயங்கும் புற்றுநோய். குரல்வளைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் பீடி, சிகரெட். குரல் நாணில் தொடங்கும் புற்றுநோய் மிகச் சிறியதாக இருக்கும்போதே கரகரப்பைக் காட்டிவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடலாம். தாமதித்தால் குரல்வளையையே அகற்ற நேரிடலாம். தொண்டைக் கட்டு என்று நினைத்துக் கழியும் மாதங்களின் விலை இதுதான்.

மூன்று வாரக் கணக்கு

கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகுப் பால் ஆகியவை தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் நாம் விழுங்குவது உணவுக் குழாய் வழியே போகிறது, குரல் நாண்களைத் தொடுவதில்லை. கைவைத்தியத்தைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

விழுங்கச் சிரமம், சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. புகைப்பவர்களும் விரைவாகச் சென்றுவிடுவது நல்லது. மூச்சு விடும்போது சீறும் ஒலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பருவ வயதுப் பிள்ளைகள்

பருவ வயதை எட்டும் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்வளை வேகமாக வளர்வதால் குரல் உடையும். ஹிஃப்ழு ஓதும் மாணவர் நேற்றுவரை எட்டிய உச்சக் குரலை இன்று எட்ட முடியாமல் தடுமாறுவார். அவரைக் கேலி செய்வதும் பழைய குரலில் ஓத வற்புறுத்துவதும் தவறு. சில மாதங்களில் புதிய குரல் நிலைத்துவிடும். சிலருக்கு வளர்ந்த பிறகும் மெல்லிய குரலே தொடரும். வெட்கத்தால் இவர்கள் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் பேச்சுப் பயிற்சியிலேயே நல்ல பலன் கிடைக்கும் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

நாள் முழுவதும் போதிய தண்ணீர் அருந்துவோம். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் அதைப் பிரித்து அருந்தலாம். செருமுவதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பதும் சிலருக்குச் சிரமமே தரும், எனவே குறைவாகப் பேசுவதே ஓய்வு. ஒரு அறையிலிருந்து மறு அறைக்குக் கத்தாமல் அருகில் சென்று பேசுவோம். லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசங்களில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று (31:19). தொழுகையில் ஓதும் குரலுக்கும் நடுநிலையையே குர்ஆன் கற்பிக்கிறது (17:110).

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பாங்கு வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி). ஆனால் குரல் வளம் மிக்கவர் என்பதால் பிலால் (ரலி) அவர்களையே பாங்கு சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். குரல் கவனிக்க வேண்டிய ஒன்று என்பதற்கு இதுவே சான்று. மக்தபில் ஐம்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே தினமும் கத்தும் உஸ்தாதுக்கும் ஆலிமாவுக்கும் ஒரு சிறு மைக் வாங்கித் தருவது பெரிய செலவல்ல. தொண்டை கட்டிய இமாமுக்கு நான்கு நாள் மாற்று ஏற்பாடு செய்வதும் முடியாத காரியமல்ல. அவர்களுக்குக் குரல்தான் பிழைப்பு. அது போனால் குடும்பமே தடுமாறும்.

உங்கள் வீட்டில், உங்கள் பள்ளியில் யாருக்காவது மூன்று வாரமாகக் குரல் கட்டியிருக்கிறதா? இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் அது எளிதில் தீரக்கூடியதாகவே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.