வடக்கே புறப்படும் தீவகத்துப் பறவைகள்

மேலை நாட்டார் கூறும் வசந்தகாலம் யாழ்ப்பாணத்துக்கு இல்லை. மாசிப் பனி விலகியதும் வெயில் ஏறிவிடுகின்றது. ஆயினும், பங்குனி, சித்திரை மாதங்களில் பண்ணை வீதியால் தீவகத்துக்குச் செல்வோர் காலை வேளையில், சூரியன் முதுகுப்புறமிருக்கச் சற்று நின்று பார்த்தால், பருவம் மாறுவதைப் பறவைகளின் உடலிலேயே காணலாம்.

வடகீழ்ப் பருவமழையை ஒட்டி இங்கு வந்த உள்ளான்கள் மாரி முழுவதும் சாம்பல் நிறமாகவே திரிகின்றன. எது எந்த இனம் என்று பழகிய கண்ணும் தடுமாறும். பங்குனி பிறந்ததும் வளைந்த அலகுடைய சிறு உள்ளானின் மார்பு செங்கல் நிறம் கொள்கின்றது. மணற்கரைகளில் ஓடித் திரியும் உப்புக்கொத்திகளின் நெஞ்சில் செம்மஞ்சள் பட்டி படர்கின்றது. இது இனப்பெருக்கத்துக்கான கோலம். ஆனால் அவை கூடு கட்டுவது இங்கல்ல. அந்த உள்ளானின் கூடு வடதுருவத்தை அண்டிய சைபீரியச் சமவெளியில் உள்ளது.

சுமார் அறுபது கிராம் எடையுள்ள இப்பறவை அவ்வளவு தூரம் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை எங்கே சேர்க்கின்றது? மண்டைதீவு, வேலணை, சரவணை ஆகிய இடங்களின் ஆழங்குறைந்த நீர்ப்பரப்புகளும், வாணர் தாம்போதியின் இருமருங்குமுள்ள கடலும் போன்ற சேற்றுத் தரைகளிலேதான். மழைநீர் வற்றி, சேறு வெளித்தெரியும் இம்மாதங்களில் புழுக்களும் சிறு நத்தைகளும் இலகுவில் கிடைக்கின்றன. புறப்படும் தறுவாயில் இரை தடைப்பட்டால், நடுவழியில் வலுவிழக்கும். சென்று சேர்ந்தாலும் முட்டையிடும் தெம்பு இராது. நாய்கள் துரத்துவதும், வேடிக்கைக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதும் சிறு விடயங்களல்ல என்பது இதனாலேயே.

வடக்கே திரும்பும் பறவையைத் தமிழர் கவனிக்காமலில்லை. குமரியில் நீராடி வடதிசைக்கு மீளும் நாரையிடம் தன் வறுமையைத் தூதாகச் சொல்லியனுப்பிய சத்திமுத்தப் புலவரை நாம் பள்ளியிலேயே அறிந்தோம். இன்று அந்தத் தூதைச் செய்மதி சுமக்கின்றது. மன்னாரில் 2021 இல் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்களைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை பின்தொடர்ந்தனர்.

இவற்றைப் 'புலம்பெயர் பறவைகள்' என்று பத்திரிகைகள் எழுதுவதில் எமக்கு உடன்பாடில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், போரினால் வெறுமையான தீவகத்து ஊர்களின் மக்களும் அச்சொல்லின் பொருளை அறிவர். பறவைக்கு 'வலசை' என்ற நல்ல சொல் இருக்கின்றது. அதில் திரும்புதல் அடங்கியுள்ளது.

ஆனால் அத்திரும்புதல் இனி உறுதியானதல்ல. வளைந்த அலகுடைய அந்த உள்ளானை 2024 இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகத் தரமுயர்த்தியது. மண்டைதீவிலோ, சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். ஈரநிலம் பாதிக்கப்படும் எனச் சூழலியலாளர் ஆட்சேபித்தனர். யாழ்ப்பாணத்து இளைஞருக்கு மைதானம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. பல தசாப்தங்களாக எதுவும் கிடைக்காத மண்ணில் அவ்வாறு கூறுவது நியாயமுமன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்க இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் வரவேற்கத்தக்கதே. டீசலை நம்பியிருந்த தீவுகள் அவை. எங்கே கட்டுவது, காற்றாலையை எங்கே நிறுத்துவது என்பதே கேள்வி. அதற்கு விடை காண, பறவைகள் எங்கே இரை தேடுகின்றன என்ற கணக்கு வேண்டும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகின்றது. அது மாரிக்காலத் தொகையையே காட்டும். புறப்பாட்டுக்கு முந்திய வாரங்களைக் காட்டாது. யாழ். பல்கலைக்கழக விலங்கியல் துறையும் தீவகப் பாடசாலைகளும் இணைந்து, பங்குனியிலும் சித்திரையிலும் மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரை ஒரு கணக்கெடுப்பை நடத்தலாம். ஒரு தொலைநோக்கியும் குறிப்புப் புத்தகமும் குறிகட்டுவானிலிருந்து படகுக் கட்டணமும் இருந்தால் அதனைத் தொடங்கிவிடலாம்.