தேசாதிபதி நோர்த்

பிரெடெரிக் நோர்த் என்ற பெயரைக் கேட்குந்தோறும் என் மனம் இரு தீவுகளை எண்ணும். அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பிரித்தானியப் பிரதமரின் மைந்தரான இவர், 1798 இல் இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியானார். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கோவிற்பற்றுப் பள்ளிகளுக்கு உயிரூட்டினார். ஆயின், 1803 இல் கண்டிமீது படையெடுத்துப் பெருந்தோல்வி கண்டார். இலண்டனிலிருந்து வந்த சிக்கனக் கட்டளையால் அப்பள்ளிகளும் நலிந்தன. 1805 இல் பதவி நீங்கினார்.

பின்னர், பிரித்தானியக் காவலிலிருந்த கோர்பூத் தீவிலே, 1824 இல், கிரேக்க மொழியிற் போதிக்கும் அயோனியக் கலைக்கழகத்தை நிறுவினார். அங்கே அவர் தேசாதிபதியல்லர், கல்வித் தொண்டரே. 1827 இல் மறைந்தார்.

ஆண்ட தீவிலே அவர் பெயர் தோல்வியோடு நிற்கிறது. ஆளாத தீவிலே சிலையாய் நிற்கிறது. ஆசிரியனாகிய எனக்கு இதிலோர் ஆறுதல் உண்டு.