வரையாட்டுக்கு உறவு யார்?

ஊட்டிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது முக்குருத்தி தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். காடு என்றதும் நெடிய மரங்களை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அங்கே முதலில் கண்ணில் படுவது புல்தான். மேடெல்லாம் புல், மரங்களோ மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒண்டி நிற்கும். அந்த மடிப்புக் காட்டைத்தான் சோலை என்கிறோம்.

காரணம் உறைபனி. குளிர்கால இரவுகளில் திறந்தவெளிப் புல்லெல்லாம் வெளுத்துவிடும். சோலை மரத்தின் விதை அங்கே முளைத்தாலும் கன்று பனியில் கருகிப்போகும். காற்றும் சும்மா விடாது. சோலைக்குள்ளேயே மரங்கள் குட்டைதான். உச்சிகள் கத்தரித்து விட்டாற்போல ஒரே மட்டத்தில் இருக்கும். கிளைகளில் பாசி அப்பியிருக்கும். மூடுபனி அதில் படிந்து நீராகச் சொட்டுவதால் மழையில்லாத நாளிலும் உள்ளே போனால் சட்டை நனையும். சருகு மக்கிய கருமண் அந்த நீரைப் பிடித்து வைத்து, ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடுகிறது.

பனிக்கு அஞ்சாமல் புல்வெளியில் தனியே நிற்கும் மரம் ஒன்று உண்டு: காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்றால் சிலருக்குச் சட்டென்று விளங்கும். தடித்த பட்டை புல்வெளித் தீயையும் தாங்கும். பூ, சிவந்த கொத்து. இதன் நெருங்கிய சொந்தம் இமயமலையில் இருக்கிறது. நடுவில் கிடக்கும் தக்காணத்தில் இந்த மரமே கிடையாது! பனியூழியில் தாழ்நிலங்களும் குளிர்ந்திருந்தபோது தெற்கே பரவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இந்தப் புல்வெளியில் மேயும் வரையாட்டுக்கும் இதே கதையைத்தான் சொல்லிவந்தார்கள். இமயத்தில் தார் என்றொரு காட்டு ஆடு இருக்கிறது. சாயல் ஒத்திருந்ததால் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு அந்த உறவை அறுத்துவிட்டது. வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் செம்மறியாம்! நீலகிரிட்ராகஸ் என்று தனிப்பேரினமே தரப்பட்டது. வெள்ளாடு, செம்மறியாடு இரண்டையும் 'ஆடு' என்றே சொல்லும் நமக்குப் பெயரை மாற்றும் வேலை மிச்சம்.

புல்வெளியைத் தரிசு என்று எண்ணியதுதான் பெரிய பிழை. வெள்ளைக்காரர் காலந்தொட்டு ஆஸ்திரேலியாவின் சீகையையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், தீ பட்டால் விழித்து முளைக்கும். வெட்டிய இடத்திலேயே மறுபடி காடாக எழும் அதை ஒழிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அது மூடிய இடத்தில் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. மாநில விலங்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் தேறியவை 1,303.